யானை வருஷத்துக் கிரகம்

சன்லோங் கிராமத்தில் விடிந்த பிறகு யாரும் தூங்கிவிட முடியாது. தெருவுக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு இரண்டு ஒலிபெருக்கி. முதலில் இன்தா தொண்டையைக் கனைப்பது கேட்கும். பிறகு ஏதோ ஒரு பழைய பாட்டு பாதி ஓடி நிற்கும். அப்புறம் அவர் ஆரம்பித்துவிடுவார். நாய்களுக்கு ஊசி போட ஆள் வருகிறது, கட்டிப்போடுங்கள். வாய்க்காலில் இன்று தண்ணீர் திறக்கிறார்கள். யார் வீட்டு மாடோ விகாரைத் தோட்டத்தில் மேய்கிறது. பிக்குகள் பொறுமைசாலிகள், நான் அப்படி இல்லை. ஊர்த்தலைவரின் உதவியாளர் என்பது அவர் பதவி. தலைவருக்கு மைக்கைக் கண்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஊரை அதட்டுகிற வேலை முழுக்க இவர் தலையில் விழுந்திருந்தது. அதை அவர் ஒருநாளும் சுமையாக நினைத்ததில்லை.

யீபெங் பௌர்ணமி நெருங்கினால் அந்தக் குரலுக்குத் தனி மிடுக்கு வந்துவிடும். வட தாய்லாந்தில், சியாங்மாய் பக்கத்தில் அன்றைக்கு வானத்தில் விளக்கு விடாத வீடு கிடையாது. காகிதக் கூண்டுக்குள் மெழுகுத் திரியைக் கொளுத்தி, மனசுக்குள் வேண்டிக்கொண்டு கையை விட்டால், வீட்டைப் பிடித்த கிரகம் அதோடு ஏறிப் போய்விடும் என்பது நம்பிக்கை. போகிற கிரகம் போகட்டும், நெருப்பையும் சேர்த்து அனுப்பாதீர்கள் என்பதுதான் இன்தாவின் கட்சி. கடையில் விற்கிற அளவுத் திரி போதும், அது மேலேயே எரிந்து தீர்ந்து வெறும் காகிதமாகத்தான் கீழே வரவேண்டும், கூடுதல் திரி வைத்தால் கொள்ளிக்கட்டையாக இறங்கும், வாலில் பட்டாசு கட்டக் கூடாது, விமானம் போகிற நேரத்தில் விடக் கூடாது என்று அரசாங்க உத்தரவை வாசிப்பார். வாசித்து முடித்ததும் சொந்தச் சரக்காக ஒன்று சேர்த்துக்கொள்வார்: "உங்க வீட்டுக் கெரகத்தைக் கழிக்கறேன்னு அடுத்தவன் கூரையைக் கொளுத்தாதீங்க." ஊர் சிரிக்கும். சின்னப் பிள்ளைகள் அவர் குரலிலேயே அதைச் சொல்லிக்கொண்டு ஓடுவார்கள்.

அந்த வருஷமும் அப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால், பாயில் மனைவி புவாதிப் கிடந்தாள்.

மழைக்காலம் முழுக்க அவள் படுக்கைதான். விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் இரண்டும் வீக்கம், சோற்றைக் கண்டால் குமட்டல். நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு நாலு தடவை போய் வந்தாயிற்று. ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். கடைசித் தடவை ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பழைய மாத்திரையை எல்லாம் நிறுத்திவிட்டு வேறு கொடுத்தாள். ஆனால் புவாதிப்புக்கு மாத்திரையில் நம்பிக்கை போயிருந்தது. அவள் கணக்கு வேறு. போன யீபெங்குக்கு அவள் விட்ட விளக்கு புளியமரத்தைத் தாண்டுவதற்குள் அணைந்து, அவள் காலடியிலேயே வந்து விழுந்துவிட்டது. அனுப்பின கிரகம் போகாமல் திரும்பிவிட்டது, அதுதான் இத்தனையும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். விளக்கு கண்ணுக்கு மறைகிற வரைக்கும் எரிய வேண்டும். அதுதான் விதி. மறையும் முன்னே அணைந்தால் அனுப்பினவர் தலையில்தான் விடியும்.

"இந்த வருஷம் அணைஞ்சா நான் பொழைக்க மாட்டேங்க," என்றாள், ஏதோ கடையில் உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி.

இன்தாவுக்கு இந்த நம்பிக்கைகளில் எல்லாம் பிடிப்பு கிடையாது. ஊருக்கு முன்னால் கும்பிடுவார், வீட்டுக்கு வந்து கேலி பண்ணுவார். ஆனால் அவள் அப்படிச் சொன்ன பிறகு கேலி பண்ண வாய் வரவில்லை. கடையில் ஒரு விளக்குக்குப் பதிலாக இரண்டு வாங்கினார். கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்றின் திரியைக் கழற்றி, மற்றதின் திரியோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். ஊரில் யார் இதைச் செய்தாலும் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பார். அன்றைக்கு அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஊர் முழுக்க விகாரைத் திடலில் கூடியது. புவாதிப்பால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதால் அவர்கள் மட்டும் கொல்லையிலேயே விளக்கு விட்டார்கள். அவள் ஒரு கையால் அவர் தோளையும் மறு கையால் விளக்கின் விளிம்பையும் பிடித்துக்கொண்டிருந்தாள். கனத்தில் அது எழும்ப மறுத்தது. காகிதம் உப்பி, சூடு முகத்தில் அடித்த பிறகுதான் கையை விட்டு மெதுவாக ஏறியது. புளியமரத்தைத் தாண்டியது. விகாரையிலிருந்து கூட்டமாக எழும்பின விளக்குகள் அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்க, அவளுடையது மட்டும் சுடர்விட்டுக்கொண்டே கிழக்கே போய், வாய்க்கால் வளைவில் இருக்கிற மூங்கில் புதருக்குப் பின்னால் மறைந்தது.

"மறைஞ்சிடுச்சு," என்றாள் அவள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தார். ஆனால் அவளைவிட அவர் ஒரு முழம் உயரம். விளக்கு தூரம் போய் மறையவில்லை, எரிந்துகொண்டே இறங்கி மறைந்தது என்பது அவருக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் வாய்க்கால்தானே, தண்ணீரில் விழும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவளை உள்ளே கூட்டிப் போய்க் கஞ்சி கொடுத்தார். அவள் குமட்டாமல் குடித்தாள்.

கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது விகாரை மணி தாறுமாறாக அடித்தது.

எரிந்தது சிங்கேவின் நெற்களஞ்சியம். அறுபது வயசு விவசாயி, அதிர்ந்து பேசாத மனுஷர், இன்தாவுக்கு அண்ணன் முறை. மரக்கால்களில் நிற்கும் களஞ்சியத்தின் மேலே புது நெல், கீழே மாடு. இன்தா ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கூரை முழுக்கப் பற்றியிருந்தது. மாட்டை அவிழ்க்க உள்ளே போன சிங்கேவின் வலது கை மேல், உருகி வழிந்த தார்ப்பாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாடு பிழைத்தது. மனுஷர் வேலியோரம் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், கத்தக்கூட இல்லை. அவர் மனைவி நுவான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். வாய்க்கால் தண்ணீரை இறைத்து ஊற்றினவர்களில் இன்தாதான் முதல் ஆள், கடைசியாக நிறுத்தினவரும் அவர்தான். நெருப்பு அடங்கின பிறகு சாம்பலுக்குள் ஒரு மூங்கில் வளையம் கிடந்தது. நடுவில் கம்பி, கம்பியில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டின இரண்டு கரிந்த திரிகள். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அதைக் காலால் தணலுக்குள் தள்ளினார்.

அந்தக் கணத்தில் வாயைத் திறந்திருக்கலாம். அப்போது திறக்காத வாய் மறுநாள் திறப்பதாவது.

காலையில் ஊர்த்தலைவர் வந்து, களஞ்சியத்தில் விழுந்த விளக்கை விட்டவர் யாராக இருந்தாலும் தாமாக முன்வரச் சொல்லி அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். இன்தா அறிவித்தார். வழக்கமான கனைப்பு, பாதிப் பாட்டு, பிறகு அறிவிப்பு. யாராக இருந்தாலும் பயப்பட வேண்டாம், ஒப்புக்கொண்டால் ஊர் மன்னிக்கும் என்று தன் வாயாலேயே தனக்கு அழைப்பு விடுத்தார். குரல் பிசிறவில்லை. அதுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பினபோது புவாதிப், பாவம் யாரோ, அந்த ஆளுக்கு எப்படி இருக்கும் என்று இரக்கப்பட்டாள். ஒலிபெருக்கியில் அவர் குரல் அன்றைக்கு நன்றாக இருந்தது என்றும் சொன்னாள்.

யாரும் முன்வரவில்லை. எப்படி வருவார்கள். ஆகவே ஊர் தானாகவே ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு உல்லாச விடுதி, சுற்றுலாக்காரர்களைக் கூட்டி வைத்து ஆயிரக்கணக்கில் விளக்கு விடுகிறது. அவர்கள்தான் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். காற்று அன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கவே இல்லை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தலைவர் போய்ச் சத்தம் போட்டார். செய்யாத குற்றத்துக்கு விடுதிக்காரர்கள் பத்துக் கம்பளியும் ஒரு புகைப்படக்காரனையும் அனுப்பி வைத்தார்கள். கம்பளியை ஊர் சார்பில் வாங்கிக்கொள்ள இன்தாவைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார்.

இதற்கிடையில் புவாதிப் எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் விட்டது. கால் வீக்கம் வடிந்தது. ஒரு நாள் அவர் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் தானே ஒட்டரிசி அவித்து, மிளகாய்த் துவையல் அரைத்து வைத்திருந்தாள். மாத்திரை மாற்றினதுதான் வேலை செய்திருக்கும், அந்தச் சின்ன டாக்டரம்மா கெட்டிக்காரி என்று இன்தா சொல்லிப் பார்த்தார். அவள் கையை ஆட்டி அதை ஒதுக்கிவிட்டாள். கண்ணுக்கு மறைகிற வரைக்கும் எரிந்ததை இரண்டு பேருமாகத்தானே பார்த்தோம் என்றாள். அத்தனை கிரகமும் அதில் ஏறிப் போய்விட்டது என்றாள். எங்கே போய் இறங்கியது என்று அவள் கேட்கவில்லை.

அங்கே சிங்கேவ் வீட்டில் எல்லாம் கவிழ்ந்துகொண்டிருந்தது. கைப்புண் சீழ் வைத்தது. மீதி நெல்லை அறுக்க அவரால் முடியவில்லை. மாட்டுக்குப் பயத்தில் சினை கலைந்துவிட்டது. நுவானுக்குக் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்தா தினமும் போனார். களஞ்சியத்துக்கு மூங்கில் வெட்டினார், கூரை வேய்ந்தார், அவர்கள் வயலில் அரிவாள் பிடித்தார். பிறந்ததிலிருந்து தன் வயலில்கூட அவர் அப்படி வேலை செய்தது கிடையாது. நுவானுக்கு நாக்கு நீளம், ஊரில் அவள் வாயில் விழாத ஆள் இல்லை, ஆனால் இன்தாவைப் பற்றி மட்டும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் உருகினாள். கூடப் பிறந்தவன்கூட இப்படி வந்து நிற்கவில்லை, தங்கமான மனுஷன் என்றாள். ஒவ்வொரு தடவை அவள் அப்படிச் சொல்லும்போதும் இன்தாவுக்கு முதுகில் யாரோ சூடு வைப்பது போல இருந்தது. சிங்கேவ் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இவர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் நுவான் விகாரையில் சடங்குகள் செய்து வைக்கிற ஆசானைக் கூட்டி வந்தாள். யாரோ கழித்துவிட்ட கிரகம் நம் வீட்டில் வந்து குந்திக்கொண்டிருக்கிறது, இதை ஓட்டுங்கள் என்றாள். ஓட்ட வேண்டாம், திருப்பி அனுப்பலாம் என்றார் அவர். வாழைமட்டையில் சதுரமாகத் தட்டுப் பின்னி, சோறு, பழம், கரும்பு, ஊறவைத்த தேயிலை எல்லாம் வைத்து, அனுப்பினவர் பிறந்த வருஷத்து மிருகத்தைக் களிமண்ணில் பிடித்து நடுவில் வைக்க வேண்டும். அந்த ஊர்க் கணக்கில் வருஷத்துக்கு ஒரு மிருகம், எலியில் தொடங்கிப் பன்னிரண்டு முடிந்தால் மறுபடி எலி. வந்த கிரகத்துக்குத் தன் வீட்டுக்கு வழி தெரியும், வாகனம் ஒன்றுதான் தேவை. எந்த வருஷத்து ஆள் அனுப்பினதோ, அந்த மிருகத்தின் மேல் ஏறிக்கொண்டு திரும்பிப் போய்விடும். அனுப்பினது யார் என்று தெரியாததால் பன்னிரண்டு வருஷத்துக்கும் பன்னிரண்டு மிருகம் வைத்துவிட்டால் ஆயிற்று.

கூரை வேய்ந்துகொண்டிருந்த இன்தா மேலே இருந்தபடியே கேட்டார்: "திரும்பிப் போனா அந்த வீட்ல என்னாகும், ஆசான்?"

"முன்ன எப்படி இருந்துச்சோ அப்படி ஆகும். படுத்துக் கெடந்தவங்க மறுபடி படுப்பாங்க."

புவாதிப் யானை வருஷத்தில் பிறந்தவள். தெற்கே பாங்காக்கில் அந்த வருஷத்தைப் பன்றி என்பார்கள், வடக்கே எப்போதும் யானைதான். அன்றைக்கு இன்தா ஏணியை விட்டு இறங்கினதே அவருக்குத் தெரியாது. இத்தனை நாள் கேலி பண்ணின மனுஷர், ஒரே கேள்வியில் ஊரிலேயே பெரிய பக்திமானாக ஆகிவிட்டார். டாக்டரம்மா, மாத்திரை, ரத்தப் பரிசோதனை எதுவும் நினைவுக்கு வரவில்லை. களிமண் யானை மேல் காய்ச்சல் ஏறி உட்கார்ந்துகொண்டு தன் வீட்டுப் படியேறி வருவதுதான் கண்ணில் நின்றது.

வீட்டுக்குப் போனால் புவாதிப் நல்ல பாவாடை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் களிமண்ணில் மிருகம் பிடிக்கப் பெண்கள் எல்லாரும் போகிறார்களாம், இவளும் போகப் போகிறாளாம். சின்ன வயசில் யானை பிடிப்பதில் இவளை மிஞ்ச ஆள் கிடையாதாம், தும்பிக்கையைத் தூக்கினபடி நிறுத்துவாளாம். வேண்டாம் என்றார் இன்தா. ஏன் என்றாள். வெயில் என்றார். கார்த்திகை மாதத்தில் என்ன வெயில் என்று அவள் சிரித்தாள். அவர் சத்தம் போட்டுவிட்டார். முப்பது வருஷத்தில் அவளிடம் அப்படிக் கத்தினதில்லை. அவள் பாவாடையை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் வெளியே வந்துவிட்டார்.

அவர் போட்ட திட்டம் இதுதான். தட்டை வீட்டு ஆட்கள் தூக்கக் கூடாது, வெளி ஆள்தான் ஊர் எல்லை முச்சந்திக்குக் கொண்டு போய் வைக்க வேண்டும். தூக்க முன்வந்தால் யாரும் மறுக்கப் போவதில்லை. வழியில் யானையை எடுத்து வாய்க்காலில் போட்டுவிடலாம். கிரகத்துக்கு வாகனம் கிடைக்காது, புவாதிப் பிழைத்துக்கொள்வாள். சிங்கேவின் கை அழுகினால் அழுகட்டும் என்பதுதான் இதன் அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. முதலில் செய்தது கண்ணை மூடிக்கொண்டு. இப்போது செய்யப் போவது கண்ணைத் திறந்துகொண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரிந்தேதான் மறுநாள் கிளம்பினார்.

பூசை முடிந்தது. தட்டின் மேல் வாழையிலை போட்டு மூடினார்கள். இன்தா தூக்க முன்வந்ததும் நுவானுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டுப் பீடையைத் தன் கையால் சுமக்கிறேன் என்கிறாரே, இந்த மனசு யாருக்கு வரும் என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வைக்கோல் போருக்குப் பின்னால் பாதை திரும்புகிற இடத்தில், ஆள் கண்ணில் படாத மறைவில், தட்டைக் கீழே வைத்து இலையை விலக்கினார். எலி இருந்தது, எருது இருந்தது. புலி, முயல், கொண்டை வைத்த நாகம், வெறும் பாம்பு, குதிரை. ஆட்டுக்கு ஒரு கொம்பு உடைந்திருந்தது. குரங்கு, சேவல், நாய். யானை இல்லை. சோற்றைக் கிளறினார், கரும்புத் துண்டுகளுக்கு அடியில் விரலை விட்டார். மறுபடி எண்ணினார். பதினொன்றுதான். வழியில் விழுந்துவிட்டதோ என்று தோன்றியது. கீழே விழுந்து கிடந்தால் அங்கிருந்தே ஏறிக்கொள்ளுமோ என்னவோ. வந்த பாதையில் குனிந்து, புல்லை விலக்கி விலக்கித் தேட ஆரம்பித்தார். எதிரில் இரண்டு கால்கள் வந்து நின்றன.

"எதத் தேடுற தம்பி?"

சிங்கேவ். கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். இன்தா எழுந்து நின்றார்.

"யானையா?" என்றார் சிங்கேவ். "அது தட்டுல இல்ல. வைக்க வேணாம்னு நான்தான் ஆசான்கிட்டச் சொன்னேன். எம் பேத்தி யானை வருஷம், சொந்தப் பேத்திய எப்படி அனுப்புறதுன்னு கேட்டேன். சரின்னு விட்டுட்டாரு. நல்லவேளை நுவான் அடுப்படியில இருந்தா." கொஞ்சம் நிறுத்தி, "பேத்தி முயல் வருஷம். பூசை வீட்ல உக்காந்து பொய் சொல்லியாச்சு," என்றார்.

பக்கத்தில் மாடு ஒன்று வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் களத்துல நெல்லு குவிச்சுக்கிட்டு இருந்தேன். உங்க கொல்லையிலேர்ந்து ஒண்ணே ஒண்ணு எழும்புச்சு. மத்ததெல்லாம் விகாரைப் பக்கம். ஏற முடியாம ஏறுச்சு. புவாதிப் விட்டதுன்னு தெரிஞ்சுது. பாவம், நல்லாப் போய்ச் சேரட்டும்னு நானும் ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன்." அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "கும்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே இந்தப் பக்கம் எறங்குச்சு."

"அண்ணே, நான் ரெண்டு திரிய..."

"சொல்லாத."

"இல்லண்ணே, ஊர்ல எல்லார் முன்னாடியும் நான்..."

"சொல்லாதன்னா விடு. நீ சொல்லிட்டா நான் நுவான்கிட்டச் சொல்லணும். அவ ஆசானக் கூப்பிட்டு நெசமான யானை அளவுக்கு ஒண்ணு பிடிக்கச் சொல்லுவா." அவர் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். "நேத்து புவாதிப் வாசல்படி வரைக்கும் நடந்து வந்தா. வயல்லேர்ந்து பாத்தேன். களஞ்சியம் போனது போச்சு, மறுபடி கட்டியாச்சு. அவ மறுபடி படுக்க வேணாம்."

"அப்ப உங்க கை?"

"கைக்கு ஆஸ்பத்திரி இருக்கு. எடுத்துட்டுப் போ. ஆசான் வீட்ல காத்துக்கிட்டு நிப்பாரு."

அவர் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அரிவாளை எடுத்துக்கொண்டு வந்திருந்தால்கூட இன்தா கழுத்தைக் காட்டியிருப்பார். ஒப்புக்கொள்வதற்குக்கூட இனி உரிமை இல்லை என்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. வாயைத் திறந்தால் பாயில் விழப் போகிறவள் புவாதிப். அவளைக் காப்பாற்றுகிறவர் இந்த மனுஷர். அந்த யானையைத் திருடத்தான் தான் கிளம்பி வந்தோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் உடம்பே கூசியது.

முச்சந்தியில் தட்டை வைத்தார். வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பது முறை. அவர் வரவில்லை. மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இலையை விலக்கி, பதினொன்றிலிருந்து நாயை எடுத்தார். அவர் பிறந்தது நாய் வருஷம். நேற்றிலிருந்து யானைக்குப் பயந்தவருக்குத் தன் மிருகமும் இந்தத் தட்டில்தான் நிற்கும் என்பது அதுவரை தோன்றவே இல்லை. அதைத் தட்டின் முன்பக்கத்தில் தன்னைப் பார்த்து நிற்கும்படி வைத்தார். சுற்றுமுற்றும் யாரும் இல்லை. முதல் தடவையாக வாய் விட்டுச் சொன்னார்.

"நாய் வருஷம். இன்தா. திரியக் கட்டுனது நான். ஏத்துனது நான். தணலுக்குள்ள தள்ளுனது நான். அவ விரல் வெச்சா, அவ்வளவுதான், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வா. எம்மேல வந்து ஏறு." குரல் உடைந்தது. விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தார்.

அன்று முதல் அவர் காத்திருந்தார். காலையில் கண் விழித்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், காலை அமுக்கிப் பார்ப்பார், சோறு குமட்டுகிறதா என்று கவனிப்பார். வயலுக்குப் போகும்போது பாம்பு இருக்கட்டும் என்று இருட்டுப் பக்கமாகக் கால் வைப்பார். குளிர்காலம் போயிற்று, காடும் வயலும் எரித்து ஊரைப் புகை மூடுகிற கோடையும் போய் மழை இறங்கியது. புவாதிப் இப்போது சந்தைக்குத் தனியாகப் போய் வருகிறாள், கொஞ்சம் சதை கூடப் போட்டிருக்கிறாள். சிங்கேவுக்குப் புண் ஆறிவிட்டது. ஆனால் இரண்டு விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன, விரியாது என்று சொல்லிவிட்டார்கள். இடது கையால் நாற்று நடப் பழகிக்கொண்டிருக்கிறார். தெருவில் பார்த்தால் தம்பி சௌக்கியமா என்று கேட்கிறார்.

ஊரில் பாதிப் பேருக்கு அந்த மழையில் சளிக்காய்ச்சல். இன்தாதான் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.